பாதி அளவில் ஒரு சாட்சி

அத்தியாயம் 9

ஆர்லீன் ஊபன் நடுத்தெருவில் நின்று கத்தியது சனிக்கிழமை. மார்லிஸ் டர்க்ஸ் அந்தக் கத்தலைப் பின்தொடர்ந்து புறப்பட்டது செவ்வாய்க்கிழமை. இடையில் இருந்த இரண்டு நாளில் ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து முடித்திருந்தது.

வருஷா வருஷம் நடக்கும் பழைய ட்ராக்டர் ஊர்வலத்தில் பெரிய வண்டிகள் போன பிறகு கடைசியில் சின்ன வண்டிகள் வரும். வீட்டுப் புல்லை வெட்டுகிற தோட்ட ட்ராக்டரைப் பிரித்துப் போட்டு, எஞ்சினையும் கியரையும் மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்துப் பண்ணை ட்ராக்டர் ஒன்றைப் பாதி அளவில் அப்படியே கட்டிவிடுகிறவர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்த மூலையில் பதினைந்து பேராவது இருந்தார்கள். அவர்களில் கை தேர்ந்தவன் கிளென் ராடமேக்கர். அந்த வருஷம், 1994-ல், அவன் கொண்டுவந்தது 1951-ம் வருஷத்துச் சிவப்பு ட்ராக்டர். இடுப்பு உயரம்தான் இருந்தது. அது முன்னால் வந்ததும் ஆர்லீன் கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கீழே போட்டாள்.

"அது என் புருஷனோட வண்டி!"

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த மாடலில் லட்சம் வண்டி ஓடியிருக்கிறது. இதுவோ குழந்தை ஏறும் உயரம். அதுவும் அவளுடைய புருஷன் வெர்னன் ஊபன் ஊரை விட்டு ஓடிப்போனவன். 1983 அக்டோபரில் ஒரு காலை தன் ட்ராக்டரை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினான். அவனும் திரும்பவில்லை, வண்டியும் திரும்பவில்லை. நாற்சந்தியில் யாரோ ஒருவனுடைய லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு மேற்கே போனதைக் கண்ணால் பார்த்ததாக ஓர் ஆள் சாட்சி சொன்னான். தேடுவது அதோடு நின்றது.

அந்தச் சாட்சி கிளென் ராடமேக்கர்.

ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் ஆர்லீன் மார்லிஸின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"என்னை விட்டுட்டுப் போனாரா, செத்துப் போனாரா? எதுவா இருந்தாலும் சரி மார்லிஸ். ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும். பதினொரு வருஷமா ரெண்டுக்கும் சேத்து அழறேன்."

மார்லிஸ் பண்ணை இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் விபத்துகளை விசாரித்தவள். ஓய்வு பெற்ற பிறகு துப்பறியும் லைசென்ஸ் வாங்கி, வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டிருந்தாள். மார்ச் மாதம் அவளுடைய கணவர் ஹெரால்ட் இறந்தார். போய் நிற்பதற்கு அவளுக்கு ஒரு கல்லறை இருந்தது. ஆர்லீனுக்கு அதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கட்டணம் பற்றிப் பேசாமலே வேலையை ஏற்றுக்கொண்டாள்.

*

கிளெனின் பட்டறை சர்ச்சைவிடச் சுத்தமாக இருந்தது.

"தரையில ஆப்பிள் கேக்கை வெச்சுத் திங்கலாம் போல இருக்கே," என்றான் டெல்மர் ஹாப்கே. மார்லிஸின் உதவியாளன். முப்பது வருஷம் ட்ராக்டர் உதிரிபாகக் கடையில் நின்றவன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"நீ கொட்டினா நீதான் துடைக்கணும்," என்றான் கிளென். ஒல்லியான ஆள், அறுபது வயது. கையில் ஒரு துணி. "ஆர்லீன் அனுப்பினாளா?"

"டெல்மர் ஒரு சின்ன வண்டி கட்டணும்கறான்," என்றாள் மார்லிஸ்.

"இவனா? ஆயுசு பூரா தப்பான பெல்ட்டா எடுத்துக் குடுத்தவனா?"

"பெல்ட்டு சரியாத்தான் இருந்துது கிளென். நீதான் தப்பான வண்டியை வாங்கிட்டு என் கழுத்தை அறுத்த."

நான்கு சின்ன ட்ராக்டர்கள் வரிசையாக நின்றன. ஆரஞ்சு, பச்சை, சாம்பல், கடைசியில் சிவப்பு. வேலையைப் பற்றிக் கேட்டால் கிளென் வாயைத் திறப்பான் என்று மார்லிஸுக்குத் தெரியும். திறந்தான்.

"முதல்ல பின் டயர். சின்ன சைஸ்ல எல்லா டயரும் கிடைக்காது. கிடைச்சதை எடுத்து, அசல் டயர் எவ்வளவு உயரமோ அதால வகுத்துடு. வர்றதுதான் உன் விகிதம். அப்புறம் ஸ்டீயரிங்லேர்ந்து ஸ்க்ரூ வரைக்கும் அதே விகிதம். டயர்ல தப்பு பண்ணினா எல்லாமே தப்பு."

மார்லிஸ் சிவப்பு வண்டியின் முன்னால் குந்தினாள். முகப்பு கிரில்லில் மேலிருந்து மூன்றாவது கம்பி உள்பக்கமாக ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய இடத்தின் மேலேயே பளபளவென்று பெயின்ட்.

"இது என்ன, ஊர்வலத்துல இடிச்சதா?"

"இல்ல. அப்படித்தான் கட்டினேன்."

"ஏன்?"

"புது வண்டி பண்றதுக்கு ஃபாக்டரி இருக்கு. நான் ஒரு வண்டியைப் பாத்தா அந்த வண்டியைக் கட்டறேன். அது பட்ட அடி, போட்ட ஒட்டு, எல்லாம் சேந்ததுதான் வண்டி."

"இது யார் வண்டி?"

கிளெனின் துணி ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது. "எங்கயோ ஒரு கண்காட்சில நின்னுது."

ஆர்லீன் சொன்னதை மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். கடைசி நாள் காலையில் இருவருக்கும் சண்டை. வெர்னன் கோபத்தில் வண்டியை எடுத்து வாசல் கம்பத்தில் முகப்பை முட்டினான். மூன்றாவது கம்பி ஒடுங்கியது. இறங்கிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அந்த ஒடுக்கத்தைப் பார்த்தவள் சமையலறை ஜன்னலில் நின்ற ஆர்லீன் மட்டும்தான்.

டெல்மர் பின் சக்கரத்துப் பக்கம் போய், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டான். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று.

"கிளென், இந்த இடைவெளில பூனை குட்டி போடும். ஊர்வலத்துல மார்க் போடற ஜட்ஜுங்க சும்மாவா விட்டாங்க?"

"நாலு மார்க் குறைச்சாங்க." முதல் தடவையாக அவன் குரலில் வெட்கம் தெரிந்தது. "எங்க தப்புன்னு எனக்கே புரியல. மூணு தடவை கணக்கு போட்டுட்டேன்."

மார்லிஸ் கைப்பையிலிருந்து ஹெரால்டின் இரும்பு டேப்பை எடுத்து அளந்தாள். ஓர் அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டேகால். மட்கார்டு வண்டியின் மேடையில் நேராக உட்காரவில்லை. நடுவில் ஓர் இரும்புக் கட்டை இருந்தது.

"கட்டை எதுக்கு?"

"அசல்ல இருந்துது."

"அசல்ல எதுக்கு இருந்துது?"

"தெரியாது."

மார்லிஸுக்குத் தெரியும். காட்டிக்கொள்ளாமல் எழுந்தாள். சுவர் அலமாரியில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அளவு நோட்டு இருந்தது. "சிவப்பும் ஆரஞ்சும் ஒரு மணி நேரம் குடேன். டெல்மர் பாத்துக் கத்துக்கட்டும்."

கிளென் ஒரு நொடிகூட யோசிக்காமல் இரண்டையும் எடுத்துக் கொடுத்தான். அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஒளிக்கிறவன் இப்படிக் கொடுக்க மாட்டான்.

*

ஒரு மைல் தள்ளி, தானியக் கிடங்கின் நிழலில் காரை நிறுத்தினாள். டெல்மர் காகிதத்தைப் பிரித்து இறைச்சி வைத்த ரொட்டியை எடுத்தான்.

"அம்மணி, நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு. பேசினாலும் பயமாத்தான் இருக்கு. ஆனா பேசினா சாப்பிட்டுக்கிட்டே பயப்படலாம்."

"வெர்னன் அந்த வருஷம் வசந்தத்துல ஆர்லீனோட அம்மா குடுத்த பியானோவைக் குடுத்துட்டு என்ன வாங்கினான்னு தெரியுமா?"

"வேற பொண்டாட்டியா?"

"ரெண்டு பின் டயர். வழக்கத்தைவிட உசரமான டயர். சேத்துல இறங்காதுன்னு ஆசைப்பட்டு வாங்கினான். டயர் மட்கார்டுல இடிச்சுது. அதனால மட்கார்டைத் தூக்கி இரும்புக் கட்டை வெச்சான். அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை அக்டோபர் வரைக்கும் ஓயல. 'அந்த டயரோடயே போய்க் குடித்தனம் நடத்து'ன்னுதான் கடைசி நாள் காலையில அவ சொன்னது."

டெல்மர் மெல்லுவதை நிறுத்தினான். "கிளென் வண்டில கட்டை இருக்கு. உசர டயர் இல்ல."

"கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கற சாதாரண டயர் அளவை வெச்சு விகிதம் போட்டிருக்கான். அதான் இடைவெளி."

"கட்டையைப் பாத்தவன் டயரைப் பாக்கலையா? கல்யாணத்துக்குப் போயிட்டுப் பொண்ணைப் பாக்காம வந்த மாதிரி இருக்கு."

"டயர் அவன் கண்ணுல படல."

"அப்போ எவனோ சக்கரத்தைக் கழட்டிட்டான். வண்டி எங்கயோ கொட்டகைல கல்லு மேல நிக்குது."

"நோட்டைப் பாருய்யா."

சிவப்பு நோட்டின் முன்பக்கங்கள் பென்சிலில் இருந்தன. காய்ந்த சேற்றுக் கைரேகைகள். மேலே தேதி: 1988, ஜூலை. கிரில், எஞ்சின் மூடி, சைலன்சர், விளக்கு, மட்கார்டு, கட்டை. அங்குலத்தை முப்பத்திரண்டாகப் பிரித்து எழுதியிருந்தான். கடைசிப் பக்கங்கள் மட்டும் நீலப் பேனா. சக்கரம், அச்சு, வயிற்றுப் பகுதி, பின் கொக்கி. எல்லாம் முழு எண்கள்.

"பென்சில்ல இருக்கறதெல்லாம் அவன் தொட்டுப் பாத்தது," என்றாள் மார்லிஸ். "பேனாவுல இருக்கறதெல்லாம் புத்தகத்துல படிச்சது. சக்கரத்தைக் கழட்டியிருந்தா வயிறும் கொக்கியும் நல்லாத் தெரியுமே. அதையும் பேனாவுலதான் எழுதியிருக்கான். மட்கார்டுக்குக் கீழ ஒண்ணுமே அவன் பாக்கல."

டெல்மர் வெளியே சோளக்காட்டைப் பார்த்தான். பகடியெல்லாம் முகத்திலிருந்து இறங்கிவிட்டது.

"எண்பத்தெட்டு. மே மாசத்துக்கப்புறம் மழையே இல்ல. சோளம் முழங்காலைத் தாண்டல. எல்லார் குளமும் வத்திப்போச்சு." நிறுத்தினான். "கிளென் வீட்டுப் பின்னாடி ஒரு மாட்டுக் குளம் இருக்கு அம்மணி. அந்தக் கரை மேல போனா ஊபன் பண்ணைக்குக் குறுக்கு வழி."

"வண்டி சேத்துல மட்கார்டு வரைக்கும் புதைஞ்சு நின்னிருக்கு. தண்ணி வத்தினதும் வெளிய தெரிஞ்சிருக்கு."

"வண்டி மட்டும்தான் உள்ள போயிருக்கலாம். ஆளு ஓடியிருக்கலாம். ஆர்லீனுக்கு இது பதில் ஆகாதே."

மார்லிஸ் ஆரஞ்சு நோட்டைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். முதல் பக்கம், முதல் வரி: உட்காரும் சீட்டு. அகலம், ஆழம், மூன்று ஓட்டைகள், ஸ்பிரிங்கின் சுற்று எண்ணிக்கை.

"சிவப்புல எங்க இருக்குன்னு தேடு."

டெல்மர் பக்கங்களைப் புரட்டினான். நாக்கில் விரல் வைத்து மறுபடி புரட்டினான். பென்சிலிலும் இல்லை, பேனாவிலும் இல்லை. சின்ன வண்டிக்குத் தோட்ட ட்ராக்டரின் சாதாரண சீட்டையே கிளென் மாட்டியிருந்தான். ஓட்டுகிற ஆளைச் சின்னதாக்க முடியாதே என்று பலரும் அப்படித்தான் மாட்டுவார்கள். அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"மறந்திருப்பான்."

"விளக்குக் கண்ணாடியோட ஸ்க்ரூவை எண்ணினவனா? ஸ்டீயரிங் அளவு இருக்கு. அது ஒரு பக்கம் கீழ அமுங்கியிருக்கறதுகூட எழுதியிருக்கான். ஸ்டீயரிங் வெளிய தெரிஞ்சா சீட்டும் தெரியணும்."

"பின்ன ஏன் எடுக்கல?"

"சீட்டு காலியா இல்ல, டெல்மர்."

டெல்மர் ரொட்டியைக் காகிதத்தில் மறுபடி சுற்றினான். வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தான்.

*

கிடங்கு ஆபீஸிலிருந்து மார்லிஸ் ஷெரிஃபுக்குப் போன் செய்தாள். அடுத்து ஆர்லீனுக்கு. இருவரும் வந்து சேரும் முன்பே கிளென் வீட்டு வாசலில் அவளுடைய கார் நின்றது. இறங்கும்போது டெல்மர் டிக்கியைத் திறந்து சக்கரம் கழற்றுகிற ஸ்பானரை எடுத்துக்கொண்டான்.

"எதுக்குய்யா?"

"கொலைகாரன் வீட்டுக்கு வெறுங்கையோட போற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

கிளென் பட்டறையில் இல்லை. பின்னால், குளத்துக் கரையில், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. மறு கரையில் மாடுகள்.

"சீட்டுதானே?" என்றான் திரும்பாமல்.

"ஆமா," என்றாள் மார்லிஸ்.

"நோட்டைக் குடுத்தப்பவே நினைச்சேன். நீதான் பாப்பன்னு." டெல்மரின் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தான். "அதைக் கீழ வையி. நான் அவனைக் கொல்லல."

"அப்போ நாற்சந்தில பாத்தேன்னு ஏன் சொன்ன? உள்ள தள்ளினவன்தானே அப்படிச் சொல்லுவான்?" என்றான் டெல்மர்.

"அன்னிக்கு நான் அவனைப் பாக்கவே இல்ல. லாரியையும் பாக்கல." கிளென் பேசப் பேச வயதாகிக்கொண்டே போனான். "சாயங்காலம் பார்ல உட்காந்து ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டிருந்தாங்க. வெர்னன் எங்க, வெர்னன் எங்கன்னு. என்கிட்ட ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன். எல்லாரும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பாத்தாங்க. பீர் வாங்கிக் குடுத்தாங்க. மறுநாள் ஷெரிஃப் ஆளு வந்து எழுதி, கையெழுத்து கேட்டான். போட்டேன். அப்புறம் எப்படித் திருப்பி வாங்கறது?"

"குளத்துல யாரும் தேடல."

"எதுக்குத் தேடணும்? அவன்தான் மேற்கே போயிட்டானே."

காற்று தண்ணீர் மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டு போயிற்று.

"எண்பத்தெட்டுல மாட்டுக்குத் தண்ணி இருக்கான்னு பாக்க வந்தேன். எஞ்சின் மேல நெட்டுக்குத்தா நிக்குமே, அந்த சைலன்சர் குழாயோட முனை தெரிஞ்சுது. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுது. கரை சரிஞ்சு உள்ள போயிருக்கான். ஸ்டீயரிங் தொடை மேல அமுக்கிப் பிடிச்சிருந்துது. அதான் மேல மிதந்து வரல. என் சமையலறை ஜன்னல்லேர்ந்து நானூறு அடி மார்லிஸ். அஞ்சு வருஷமா அங்க நின்னு காப்பி குடிச்சிருக்கேன்."

"போன் பண்ணல."

"எடுத்து எடுத்து வெச்சேன். என்னன்னு சொல்றது? நான் சொன்ன பொய்யால நீங்க இவனைத் தேடலைன்னா? அளவுதான் எடுக்கத் தெரிஞ்சுது. ஒன்பது நாள் எடுத்தேன். அந்த ஒரு இடத்தை மட்டும் பாக்காம எடுத்தேன். அப்புறம் மழை வந்து மூடிடுச்சு. ஆறு வருஷம் கட்டினேன். எல்லாத்தையும் அப்படியே கட்டினா யாராவது பாத்துக் கேப்பாங்கன்னு. கேட்டா சொல்லிடலாம்னு."

"ஒருத்தி பாத்துக் கேட்டாளே," என்றாள் மார்லிஸ். அவள் குரல் உயரவில்லை. "நடுத்தெருவுல நின்னு கத்திக் கேட்டா. ஊரே சிரிச்சுது. நீ வண்டியை நிறுத்தாம ஓட்டிட்டுப் போன."

கிளென் தலையை ஆட்டினான். அவன் சொல்வதில் எவ்வளவு நிஜம் என்பதைக் குளம்தான் காட்ட வேண்டும். ஆனால் விபத்து ஏற்படுத்தியவர்களையும் பொய் சொன்னவர்களையும் இருபத்திரண்டு வருஷம் எதிரில் உட்கார வைத்துக் கேட்டவள் அவள். இவன் கொன்றவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொன்றவனாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும். டெல்மர் ஸ்பானரைப் புல்லில் வைத்தான்.

ஷெரிஃபின் கார் வந்தது. அதன் பின்னால் ஆர்லீனின் பழைய பிக்அப். அவள் இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராகக் கரைக்கு நடந்து வந்தாள். மார்லிஸ் அவள் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஹெரால்ட் போன அன்று மருத்துவர் தன்னிடம் சுற்றி வளைத்தது அவளுக்கு மறக்கவில்லை.

ஆர்லீன் அழவில்லை. கிளெனின் முன்னால் போய் நின்றாள்.

"போற பக்கமா, வர்ற பக்கமா?"

கிளெனுக்குப் புரியவில்லை.

"வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுது? வீட்டைவிட்டுப் போயிட்டிருந்தாரா, வீட்டுக்கு வந்துட்டிருந்தாரா?"

கிளென் கையை உயர்த்திக் காட்டினான். சோளக்காட்டுக்கு அப்பால் ஊபன் பண்ணையின் கொட்டகைக் கூரை தெரிந்தது.

"வர்ற பக்கம். முகப்பு உன் வீட்டைப் பாத்துத்தான் இருந்துது."

ஆர்லீன் அந்தக் கூரையைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மத்தியானம் அவருக்கு உருளைக்கிழங்கும் பன்றிக் கறியும் எடுத்து வெச்சிருந்தேன்," என்றாள் யாரிடம் என்று இல்லாமல். "ராத்திரி வரைக்கும் அடுப்புலயே சூடா வெச்சிருந்தேன். அப்புறம் ஒருத்தி போன் பண்ணி, கிளென் பாத்தானாம், மேற்கே போயிட்டாராம்னு சொன்னா. தட்டோட நாய்க்கு வெச்சுட்டேன்."

ஷெரிஃப் தொப்பியைக் கழற்றினார். ரொம்ப ஆழமான குளம் அம்மா, பம்பு வைத்து இறைக்க மூன்று நாளாவது ஆகும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள், ஆள் அனுப்பிச் சொல்கிறேன் என்றார்.

"மூணு நாள்தானே," என்றாள் ஆர்லீன்.

பிக்அப்பின் பின்னாலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றை இறக்கினாள். கரை மேல் கொண்டுபோய் விரித்து, ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்து, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள்.